காய்ச்சலின் பெயர் என்ன?
வீடால் பரிசோதனை முதல் நிறுக்கிற மெசின் வரை



இந்த மலருக்கு ஏதாவது எழுதித் தாரும் என்று சங்கத்துக்காரர் கேட்டபோது, "நான் பக்டரியில வேலை செய்யிறவன், எனக்கு என்னண்ணை எழுதத் தெரியும்?" என்றுதான் முதலில் சொன்னேன். உயர்தரம் வரைக்கும் விஞ்ஞானப் பிரிவில் படித்தேன். அதோடு படிப்பு நின்றுவிட்டது. ஆனால் படித்த பௌதிகமும் இரசாயனமும் மண்டைக்குள் எங்கேயோ ஒரு மூலையில் கிடக்கத்தான் செய்கிறது. வேலைக்குப் போய்வரும் ரயிலில் வாசித்துப் பழகியவன் நான். அப்படி வாசித்ததில் ஒரு கதையை இங்கே சொல்லப்போகிறேன். நாங்கள் ஒவ்வொரு ஞாயிறும் மரக்கறி வாங்க வரும் லாச்சப்பல் தெருவில்தான் இந்தக் கதையின் பாதி நடக்கிறது.

லாச்சப்பல் மெத்ரோவால் இறங்கி ஃபுபூர் சென் தெனி வீதிக்குள் நுழைந்தால் எமது கடைகள் தொடங்குகின்றன. புடவைக் கடை, நகைக் கடை, கொத்துரொட்டிச் சத்தம்... அதே வீதியில் 200ஆம் இலக்கத்தில் ஓர் ஆஸ்பத்திரி இருக்கிறது. பெயர் பெர்னான் வீடால். எத்தனை பேர் அந்தப் பெயரைக் கவனித்திருப்பீர்கள்? நானும் பல வருடமாகக் கவனிக்கவில்லை. ஒருநாள் பஸ்சுக்கு நிற்கும்போதுதான் மனதில் தட்டியது. வீடால்! ஊரிலே நெருப்புக் காய்ச்சல் என்று சந்தேகம் வந்தால் டொக்டர் எழுதித் தருவாரே, "வீடால் ரெஸ்ற்" என்று. அந்த வீடாலா இந்த வீடால்? ஆம், அதே மனிதர்தான்.

ஒரு காய்ச்சல் என்ன காய்ச்சல் என்று மனிதன் எப்படிக் கண்டுபிடிக்கப் பழகினான் என்பதுதான் நான் எழுதவந்த சரித்திரம். இதை எழுத எனக்கு ஒரு சொந்தக் காரணமும் உண்டு.

அம்மம்மாவின் காய்ச்சல்

2006 ஆகஸ்ட் 11ஆம் திகதி ஏ9 பாதை பூட்டப்பட்டது. யாழ்ப்பாணத்தில் இருந்த எங்களுக்கு அரிசியும் மாவும் மருந்தும் கப்பலில் வந்தால்தான் உண்டு. அந்த வருடக் கடைசியில் ஊர் முழுக்க ஒரு காய்ச்சல் பரவியது. வீட்டுக்கு வீடு ஆட்கள் பாயிலே கிடந்தார்கள். கை கால் மூட்டெல்லாம் பூட்டுப் போட்ட மாதிரி. எழும்பி நடந்தவர்கள் கூனிக்கொண்டு நடந்தார்கள். சிக்குன்குனியா என்று பிறகு எல்லோரும் சொன்னார்கள்.

எங்கள் அம்மம்மாவுக்கும் காய்ச்சல் வந்தது. அம்மா மல்லித் தண்ணி அவித்துக் கொடுத்தா, கடையில் வாங்கின குளிசை கொடுத்தா. ஊரடங்குச் சட்டம். இரவிலே வெளிக்கிட ஏலாது. எட்டாம் நாள் விடியப்புறம் அம்மம்மா போய்விட்டா. அவவுக்கு யாரும் இரத்தம் எடுத்துப் பார்க்கவில்லை. என்ன காய்ச்சல் என்று கேட்டால் "காய்ச்சல்" என்றுதான் சொல்லலாம்.

அம்மா இன்றைக்கும் ரெலிபோனில் அதைச் சொல்லுவா. "ஒருநாள் முந்திக் கொண்டுபோயிருந்தால் ஆள் தப்பியிருக்கும். நான்தான் விட்டிட்டன்." நான் என்ன பதில் சொல்வது? சிக்குன்குனியாவா, டெங்குவா, நெருப்புக் காய்ச்சலா, வேறு ஏதுமா? பெயர் தெரியாத காய்ச்சலுக்கு ஆறுதல் சொல்லவும் முடியாமல் இருக்கிறது.

காற்றைக் குற்றம் சொன்ன காலம்

பெயர் தெரியாமல் செத்தவர்கள் எமது ஊரில் மட்டும் இல்லை. இந்தப் பெரிய பாரிஸ் நகரமும் ஒரு காலத்தில் அப்படித்தான் இருந்தது. 1832இல் இங்கே கொலரா வந்தது. 18,000 பேருக்கு மேல் செத்தார்கள். ஏன் வருகிறது என்று பெரிய வைத்தியர்களுக்கும் தெரியாது. அழுகின பொருளில் இருந்து எழும்புகிற கெட்ட காற்றால் வருகிறது என்று நம்பினார்கள்.

கார் து நோர் ஸ்ரேசனுக்குப் பக்கத்தில் லாரிபுவாசியேர் ஆஸ்பத்திரி இருக்கிறதல்லவா? எமது பிள்ளைகள் பலர் பிறந்த இடம். அந்தக் கொலராவுக்குப் பிறகு எடுத்த முடிவிலே கட்டினதுதான் அது. 1846இல் தொடங்கி 1854இல் திறந்தார்கள். காசு காணாமல் போனபோது லாரிபுவாசியேர் சீமாட்டி தன் சொத்தை எழுதிவைத்ததால் அவவின் பெயர் வந்தது. உள்ளே போனால் பாருங்கள், நடுவிலே பெரிய முற்றம், இரண்டு பக்கமும் தனித்தனிக் கட்டிடங்கள். ஏன் அப்படிக் கட்டினார்கள்? ஒரு வாட்டின் கெட்ட காற்று மற்ற வாட்டுக்குப் போகக்கூடாதாம்! எதிரி யார் என்று தெரியாமல் கட்டின கோட்டை அது.

கொலராக் கிருமியை ரொபேர்ட் கொக் என்ற ஜெர்மன்காரர் 1884இல் கல்கத்தாவில் வைத்து உறுதிப்படுத்தினார். அந்தக் காலத்தில்தான் பாரிசில் லூயி பாஸ்ரரும் அவருடைய ஆட்களும் கிருமிகளின் பின்னால் திரிந்தார்கள். கெட்ட காற்றின் காலம் முடிந்து கிருமியின் காலம் தொடங்கியது.

வீடாலும் ஒரு துளி இரத்தமும்

பெர்னான் வீடால் 1862இல் அல்ஜீரியாவில் பிறந்தவர். பாரிசில் வைத்தியராக இருந்தார். அவருடைய காலத்தில் நெருப்புக் காய்ச்சல் இங்கே சாதாரணம். ஆனால் காய்ச்சலோடு ஒருவர் வந்தால் அது நெருப்புக் காய்ச்சலா வேறு காய்ச்சலா என்று பிரிப்பது பெரும்பாடு.

1896 யூன் மாதம் வீடால் பாரிஸ் வைத்தியர் சபையில் ஒரு முறையை வைத்தார். நோயாளியின் இரத்தத்தில் கொஞ்சம் எடுத்து, அதில் மேலே தெளிகிற நீரை நெருப்புக் காய்ச்சல் கிருமி உள்ள திரவத்தோடு கலப்பது. நோயாளிக்கு அந்தக் காய்ச்சல்தான் என்றால், அவருடைய உடம்பு ஏற்கெனவே அந்தக் கிருமிக்கு எதிராகச் சண்டை பிடிக்கத் தொடங்கியிருக்கும். அந்தச் சண்டைக்காரப் பொருட்கள் இரத்தத்தில் இருக்கும். அவை கிருமிகளைப் பிடித்துக் கட்டி கட்டியாக ஒட்டவைக்கும். திரைந்த பால் மாதிரிக் கண்ணுக்குத் தெரியும். ஒட்டாவிட்டால் பெரும்பாலும் வேறு நோய்.

கிருமி ஒட்டுகிற விசயத்தை அவருக்கு முன்பே வேறு ஆட்கள் கவனித்திருந்தார்கள். நோயாளி கட்டிலில் கிடக்கும்போதே நோயின் பெயரைச் சொல்ல அதைப் பாவிக்கலாம் என்று காட்டியது வீடால். கள்ளனை நேரே பிடிக்காமல், அவனோடு கட்டிப் புரண்டவனின் கையில் உள்ள காயத்தைப் பார்த்துக் கள்ளனைக் கண்டுபிடிக்கிற மாதிரி. இந்த முறை பாரிசில் இருந்து எமது ஊர் ஆஸ்பத்திரிகள் வரைக்கும் வந்து நூறு வருடத்துக்கு மேல் நின்றது.

அதிலே பிழையும் உண்டு. முன்பு எப்போதோ வந்துபோன காய்ச்சலுக்கும், ஊசி போட்டதற்கும்கூட இரத்தம் கட்டிபடலாம். அதனால் இப்போது வசதி உள்ள இடங்களில் இரத்தத்தில் இருந்து கிருமியையே வளர்த்துப் பார்க்கிறார்கள். ஆனாலும் பெயரைச் சொல்ல ஒரு துளி இரத்தம் போதும் என்ற எண்ணத்தைச் சனத்துக்குப் பழக்கியதில் வீடாலுக்குப் பெரிய பங்கு உண்டு.

வடிகட்டியில் அகப்படாதவன்

என் மகளுக்குப் பத்து மாதமாக இருக்கும்போது ஒரு மாரி இரவில் மூச்சு வாங்க முடியாமல் இழுத்தது. நானும் மனைவியும் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். மூக்குக்குள் ஒரு சின்னக் குச்சியை விட்டு எடுத்தார்கள். கொஞ்ச நேரத்தால் டொக்டர் வந்து, "வே-எர்-எஸ் என்ற வைரஸ், புரோங்கியோலித்" என்றா. ஒட்சிசன் வைத்தார்கள். அன்ரிபயோட்டிக் தரவில்லை.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. என்னடா இது, பிள்ளை இப்படி இழுக்குது, ஒரு மருந்தும் தராமல் இருக்கினமே, வெளிநாட்டுக்காரர் என்றுதானோ என்று நினைத்தேன். நினைத்தது பிழை. அன்ரிபயோட்டிக் பற்றீரியாவைக் கொல்லும். வைரசுக்கு அது ஒன்றும் செய்யாது. நான் உயர்தரத்தில் படித்த விசயம்தான். ஆனால் சொந்தப் பிள்ளை கையில் கிடக்கும்போது படித்தது எங்கே ஞாபகம் வரும்? நான்கு நாளில் மகள் சுகமாக வந்தாள். டொக்டர் சொன்ன அந்தப் பெயர்தான் அவளைத் தேவையில்லாத மருந்தில் இருந்து காப்பாற்றியது.

இந்த வைரஸ் என்றவனை மனிதன் கண்டுகொண்டதும் பாரிசில் செய்த ஒரு பொருளால்தான். பாஸ்ரரோடு வேலை செய்த ஷார்ல் ஷம்பெர்லான் என்பவர் 1884இல் பீங்கானில் ஒரு வடிகட்டி செய்தார். பற்றீரியா ஒன்றும் அதற்குள்ளால் போகாது. தண்ணீர் சுத்தமாக வரும். 1892இல் ரஷ்யாவில் இவனோவ்ஸ்கி என்பவர் நோய் பிடித்த புகையிலையின் சாற்றை அந்த வடிகட்டியால் வடித்தார். வடித்த சாறும் நல்ல புகையிலைக்கு நோயைக் கொடுத்தது! அப்படியென்றால் பற்றீரியாவிலும் சின்னதாக ஏதோ ஒன்று உள்ளே போயிருக்கிறது. யாழ்ப்பாணத்தில் புகையிலைத் தோட்டம் செய்தவர்களுக்கு அந்த இலை நோய் தெரிந்திருக்கும், இலை பச்சையும் மஞ்சளுமாகத் திட்டுத் திட்டாகும். அந்த நோயில்தான் வைரஸ் முதலில் மாட்டுப்பட்டது.

மாட்டுப்பட்டதே தவிர ஆளைக் காணமுடியவில்லை. சாதாரண நுணுக்குக்காட்டியில் வைரஸ் தெரியாது. 1930களில் இலத்திரன் நுணுக்குக்காட்டி வந்த பிறகுதான் அதன் உருவத்தைப் பார்த்தார்கள்.

1983இல் பாரிசில் நடந்தது எல்லோரும் அறியவேண்டிய கதை. அப்போது எயிட்ஸ் என்ற புது நோயால் இளம் ஆட்கள் செத்துக்கொண்டிருந்தார்கள். காரணம் தெரியாது. அந்த வருடம் ஜனவரி 3ஆம் திகதி பித்தியே ஆஸ்பத்திரியில் ஒரு நோயாளியின் கழுத்து நெறியில் இருந்து ஒரு துண்டு வெட்டி எடுத்து பாஸ்ரர் நிறுவனத்துக்கு அனுப்பினார்கள். அங்கே லூக் மொந்தான்யேயின் ஆய்வுகூடத்தில் பிரான்சுவாஸ் பாரே-சினூசி என்ற பெண்மணி அந்தத் துண்டின் கலங்களை வளர்த்து, சில நாட்களுக்கு ஒருதடவை சோதித்தா. இரண்டு மூன்று கிழமைக்குள் புது வைரசின் அறிகுறி தெரிந்தது. மே மாதம் உலகத்துக்கு அறிவித்தார்கள். 2008இல் இரண்டு பேருக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

பெயர் கிடைத்ததால்தான் பரிசோதனை வந்தது. பிரான்சில் 1985 ஆகஸ்ட் 1ஆம் திகதியில் இருந்து தானம் கொடுக்கிற எல்லா இரத்தத்தையும் சோதிக்கச் சட்டம் வந்தது. அதற்கு முன்பு சோதிக்காத இரத்தத்தாலும், இரத்தத்தில் இருந்து செய்த மருந்தாலும் எத்தனையோ பேருக்கு அந்த நோய் தொற்றியது. பிறகு அது நாட்டையே உலுப்பின வழக்காகி அமைச்சர்கள்கூட நீதிமன்றம் ஏறினார்கள். ஒரு நோயின் பெயரை அறிவதில் சில மாதம் பிந்தினாலும் அதற்கு உயிர்தான் விலை.

அதே 1983இல் அமெரிக்காவில் கேரி முல்லிஸ் என்பவர் மரபணுவின் ஒரு சின்னத் துண்டைக் கோடிக்கணக்காகப் பெருக்குகிற வழியை யோசித்தார். அதுதான் கொரோனாக் காலத்தில் நாம் எல்லோரும் மூக்கைக் காட்டின பிசிஆர். இப்போது வைரசைக் கண்டுபிடிக்க உலகம் முழுக்க முதலில் நம்புவது அதைத்தான்.

நிறுத்துப் பார்த்து ஆளைப் பிடிப்பது

இனி நான் சொல்லவந்த மெசினுக்கு வருகிறேன். உயர்தர இரசாயனவியலில் திணிவுத் திருசியமானி என்று படித்தவர்களுக்கு ஞாபகம் இருக்கும். சுருக்கமாக நிறுக்கிற மெசின் என்றே சொல்லுவோம்.

நான் வேலை செய்யும் பக்டரியில் சாப்பாட்டுப் பெட்டிகள் பட்டியிலே ஓடிவரும். ஓர் இடத்தில் பட்டிக்குக் கீழே தராசு இருக்கிறது. ஓடுகிற ஓட்டத்திலேயே ஒவ்வொரு பெட்டியையும் நிறுக்கும். சில கிராம் கூடினாலோ குறைந்தாலோ பக்கத்தில் ஒரு கை வந்து பெட்டியைத் தள்ளிவிடும். உள்ளே என்ன இருக்கிறது என்று மெசினுக்குத் தெரியாது. திறந்து பார்ப்பதும் இல்லை. ஆனால் கரண்டி ஒன்று குறைந்தாலும் எடை காட்டிக்கொடுத்துவிடும்.

மூலக்கூறுகளையும் இப்படி நிறுக்கலாம் என்று காட்டினது கேம்பிரிட்ஜில் இருந்த ஜே.ஜே.தொம்சன். 1912, 1913 அளவில் அவர் நியோன் வாயுவுக்கு மின்னேற்றி, காந்தப் புலத்துக்குள்ளாலும் மின்புலத்துக்குள்ளாலும் ஓடவிட்டார். பாரமானது குறைவாக வளையும், இலேசானது கூட வளையும். ஒரு கோடு வரவேண்டிய இடத்தில் இரண்டு கோடு வந்தது, 20 என்றும் 22 என்றும். ஒரே நியோனில் இரண்டு எடை! அவருடைய உதவியாளர் அஸ்ரன் 1919இல் நல்ல மெசின் கட்டி 1922இல் நோபல் பரிசு எடுத்தார்.

ஆனால் நீண்ட காலமாக அந்த மெசினில் சின்னப் பொருட்களைத்தான் நிறுக்க முடிந்தது. கிருமியை அடையாளம் காட்டுகிற புரதங்கள் பெரியவை. மெசினுக்குள் பறக்கவேண்டும் என்றால் வாயுவாக்க வேண்டும், சூடாக்கினால் புரதம் சிதைந்துபோகும். பொரித்த முட்டையைத் திரும்ப முட்டையாக்க முடியுமா?

இந்த முடிச்சை அவிழ்த்தவர்களில் ஒருவரை எனக்கு மிகவும் பிடிக்கும். பெயர் கொய்ச்சி தனக்கா. ஜப்பானில் கியோத்தோ நகரில் சிமாட்சு என்ற கொம்பனியில் வேலை செய்தவர். முதல் பட்டம் மட்டும்தான், அதுவும் மின்பொறியியலில். 1985இல் ஒருநாள் கோபால்ற்று உலோகத் தூளோடு பிழையான திரவத்தைக் கலந்துவிட்டார், அசற்றோனுக்குப் பதிலாக கிளிசரின். எறிய மனம் வரவில்லை. வீணாக்கக் கூடாது என்று அதையே பாவித்தார். லேசர் ஒளி பட்டபோது பெரிய மூலக்கூறு சிதையாமல் எழும்பிப் பறந்தது! 2002இல் நோபல் பரிசு கிடைத்தபோது அவருக்கு 43 வயது, அதே கொம்பனியில்தான் வேலை. சாமானை எறிய மனம் வராத தொழிலாளி ஒருவரின் வெற்றி என்றுதான் நான் அதைப் பார்க்கிறேன். அந்தப் பரிசில் அவரோடு பங்கு எடுத்தவர் ஜோன் பென், புரதத்தைத் துளியாக்கி விசிறி நிறுக்கிற வழியைக் காட்டினவர். இன்றைக்கு ஆஸ்பத்திரிகளில் நடக்கிற லேசர் முறையைச் செம்மையாக்கினது காராஸ், ஹில்லன்காம்ப் என்ற இரண்டு ஜெர்மன்காரர்.

முறை இதுதான். ஒரு பற்றீரியாவின் சின்னப் பொட்டை உலோகத் தட்டில் பூசி, மேலே ஒரு இரசாயனத் திரவம் விட்டுக் காயவைக்கிறார்கள். லேசர் அடித்ததும் திரவத்தின் பளிங்கு ஒளியை வாங்கிக்கொண்டு புரதங்களை மின்னேற்றத்தோடு எழுப்பிவிடுகிறது. எல்லாவற்றுக்கும் ஒரே தள்ளு கொடுத்து, காற்று இல்லாத குழாய்க்குள் ஓடவிடுகிறார்கள். இலேசானது முதலில் வரும், பாரமானது பிந்தி வரும். நான்கு மடங்கு பாரமான புரதத்துக்கு இரண்டு மடங்கு நேரம் பிடிக்கும். வந்து சேர்ந்த நேரத்தை வைத்து எடையைக் கணக்குப் பார்க்கிறார்கள். கடைசியில் திரையில் மலைத்தொடர் மாதிரி ஒரு படம் விழுகிறது. ஒவ்வொரு கிருமிக்கும் அதன் மலைத்தொடர் வேறு. அதை அந்தக் கிருமியின் விரலடையாளம் என்கிறார்கள்.

விரலடையாளம் பற்றி எமக்கு யாரும் விளக்கத் தேவையில்லை! எமது பத்து விரலையும் பதிந்து பழைய பதிவுகளோடு ஒப்பிட்டுப் பார்த்துத்தானே உள்ளே விட்டார்கள். இந்த மெசினும் அதையே செய்கிறது. தன்னிடம் உள்ள ஆயிரக்கணக்கான கிருமிப் பதிவுகளோடு ஒப்பிட்டு, "இவர்தான்" என்று சொல்கிறது. பதிவில் இல்லாதவனை அதற்குத் தெரியாது.

இதை ஆஸ்பத்திரி வேலைக்குக் கொண்டுவந்ததில் பிரான்சுக்கு நல்ல பங்கு உண்டு. பாரிசில் பிள்ளைகளின் ஆஸ்பத்திரியான நெக்கேரில் 2007இல் ஒரு குழு ஸ்ரபிலோகொக்கஸ் வகைக் கிருமிகளை இப்படிப் பிரித்துக் காட்டியது. 2009இல் மார்செய் ஆய்வாளர்கள் 1660 கிருமி மாதிரிகளை நிறுத்து, 95 வீதத்துக்கு மேல் அடையாளம் கண்டதாக எழுதினார்கள். ஒன்றுக்கு ஆறு நிமிடம் அளவில் போதுமாயிருந்தது. பழைய முறையில் கிருமியை வளர்த்த பிறகும் பெயர் சொல்ல இன்னும் ஒருநாள் அளவில் செல்லும். ஒரு நாளுக்கும் ஆறு நிமிடத்துக்கும் இடையில் ஓர் உயிர் தப்பலாம்.

வைரசை நிறுப்பது ஏன் கஷ்டம்

அப்படியென்றால் வைரசையும் நிறுத்துப் பார்க்கலாமே என்று கேட்பீர்கள். நானும் அதைத்தான் கேட்டேன். பற்றீரியாவைத் தட்டிலே தனியாக வளர்க்கலாம். வைரஸ் அப்படி வளராது, உயிருள்ள கலத்துக்குள் இருந்தால்தான் பெருகும். அதனிடம் உள்ள புரத வகைகளும் குறைவு. மூக்கில் இருந்து எடுத்த சளியில் எமது சொந்தப் புரதங்கள் தேர்த் திருவிழாச் சனம் மாதிரி நெருக்கி நிற்கும். அந்தச் சனத்துக்குள் தொலைந்த ஒரு பிள்ளையைத் தேடுகிற வேலை அது.

இதற்கு மூன்று வழியைப் பார்க்கிறார்கள். முதலாவது, பிசிஆரால் வைரசின் மரபணுத் துண்டைப் பெருக்கிவிட்டு அந்தத் துண்டை நிறுப்பது. கருப்பைக் கழுத்துப் புற்றுநோயைக் கொண்டுவருகிற வைரசில் எது ஆபத்தான வகை என்று பிரிக்க இந்த வழியைப் பாவித்திருக்கிறார்கள். இரண்டாவது, வைரசின் புரதத்தைச் சின்னத் துண்டுகளாக வெட்டி, அந்த வைரசுக்கு மட்டுமே உரிய துண்டைத் தேடி நிறுப்பது. 2020இல் கொரோனா வந்தபோது தென்பிரான்சில் மார்க்கூல் என்ற இடத்து அரசாங்க ஆய்வுகூடம் அப்படியான துண்டுகளைத் தெரிவுசெய்து வெளியிட்டது.

மூன்றாவது வழி வீடாலை ஞாபகப்படுத்துகிறது. 2020இல் ஆர்ஜென்ரீனா, சிலி, பெரு ஆகிய நாடுகளில் எடுத்த 362 மூக்குச் சளி மாதிரிகளை லேசர் மெசினில் போட்டார்கள். வைரசைத் தனியே தேடாமல், முழு மலைத்தொடரையும் கணினிக்குப் படிப்பித்து, நோய் உள்ளவரின் படம் எப்படி, இல்லாதவரின் படம் எப்படி என்று பிரிக்கச் சொன்னார்கள். கிட்டத்தட்ட 94 வீதம் சரியாகச் சொன்னது. அங்கேயும் கள்ளனை நேரே பிடிக்காமல் வீடு கலைந்து கிடக்கிற விதத்தைப் பார்த்துத்தான் சொல்கிறது.

94 வீதம் என்றால் கேட்க நல்லாயிருக்கும். ஆனால் நூறு பேரில் ஆறு பேருக்குப் பிழை. எங்கள் பக்டரியில் நூறு பெட்டிக்கு ஆறு பெட்டி பிழையாகப் போனால் அன்றைக்கே வேலை நிற்பாட்டுவார்கள். மனிதர் விசயத்தில் சொல்லவேண்டுமா? அதனால்தான் வைரசுக்கு இன்றைக்கும் பிசிஆர் முன்னுக்கு நிற்கிறது, நிறுக்கிற மெசின் பற்றீரியாவுக்கும் பூஞ்சணத்துக்கும் அன்றாடம் ஓடுகிறது. 2020 மார்ச் 17ஆம் திகதி நாடு பூட்டப்பட்டபோது லாச்சப்பல் தெரு வெறிச்சோடிக் கிடந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். அந்த நாட்களில் ரெஸ்ற் எடுக்கவும் வழியில்லாமல் எத்தனை பேர் வீட்டுக்குள் பயந்து கிடந்தோம். இன்னொரு முறை அப்படி வந்தால் ஒரு வழி அடைபட்டாலும் மற்ற வழி இருக்கவேண்டும். அதற்காகத்தான் இந்த வேலை நடக்கிறது.

அம்மாவுக்கு என்ன சொல்வது?

அம்மம்மா செத்த காலத்துக்குத் திரும்ப வருகிறேன். அதற்குச் சற்று முன்பு, 2005, 2006இல், இதே சிக்குன்குனியா ரியூனியன் தீவில் பரவியது. கரும்புத் தோட்டத்துக்கு வந்த தமிழரின் சந்ததிகள் நிறையப் பேர் வாழுகிற தீவு, பிரான்சின் ஒரு பகுதி. மூன்றில் ஒரு பங்கு சனத்துக்கு, ஏறக்குறைய 2,66,000 பேருக்கு அது தொற்றியது. அங்கே எடுத்த இரத்தம் ஆய்வுகூடங்களுக்கு வந்தது. பாரிசில் உள்ள பாஸ்ரர் நிறுவனம் வைரசின் மரபணுவை எழுத்து எழுத்தாக வாசித்து, புலி நுளம்பில் நன்றாகப் பெருக உதவுகிற மாற்றம் ஒன்று அதில் நடந்திருப்பதை 2006இலேயே சொல்லிவிட்டது. அதே குடும்பத்து வைரஸ் இந்தியாவுக்கும், வருடக் கடைசியில் எங்கள் ஊருக்கும் வந்தது. ஒரே கடல், ஒரே காய்ச்சல். ஆனால் பூட்டின பாதைக்கு அந்தப் பக்கம் இருந்த என் அம்மம்மாவிடம் ஒரு துளி இரத்தம் வாங்க ஆள் இல்லை.

போன மாதம் அம்மாவோடு கதைக்கும்போது இதையெல்லாம் சொன்னேன். கவனமாகக் கேட்டா. பிறகு, "அப்ப அது என்ன காய்ச்சல் எண்டு இப்ப கண்டுபிடிக்க ஏலாதோ?" என்றா. ஏலாது அம்மா என்றேன். இரத்தம் எடுத்து வைக்கவில்லை. எவ்வளவு பெரிய மெசின் வந்தாலும் வைக்காத இரத்தத்தை நிறுக்க முடியாது. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தா. நான் சொன்னேன், சிக்குன்குனியாவாக இருந்தால் அதைக் கொல்ல மருந்து இன்றைக்கும் இல்லை, இந்தப் பாரிசிலும் இல்லை, காய்ச்சலுக்கும் நோவுக்கும்தான் குளிசை தருவினம். நீங்கள் கொடுத்த மல்லித் தண்ணியும் குளிசையும் பிழையில்லை. வேறு காய்ச்சலாக இருந்திருந்தால் என்று நான் தொடங்க முதல், "சரி அப்பன், நீ வேலைக்குப் போ" என்று வைத்துவிட்டா.

உறவுகளே, இந்த நாட்டில் எமக்கு அந்த நிலை இல்லை. ஆனால் எத்தனை பேர் பாசை தெரியாத கூச்சத்தில் டொக்டரிடம் ஒன்றும் கேளாமல் வருகிறோம்? எத்தனை பேர் "இரத்தம் எடுப்பினம்" என்று பயந்து போகாமல் இருக்கிறோம்? அப்பா அம்மாவைக் கூட்டிக்கொண்டு போனால் வருத்தத்தின் பெயர் என்ன என்று கேளுங்கள். ஒரு கடதாசியில் எழுதித் தரச் சொல்லுங்கள். பரிசோதனைப் பேப்பர்களை எறியாமல் ஒரு கோவையில் வையுங்கள். வைரஸ் என்று சொன்னால் அன்ரிபயோட்டிக் தரவில்லை என்று என்னைப்போலக் கோபப்படாதீர்கள். ஊருக்குப் போய்வந்து காய்ச்சல் வந்தால், எங்கே போய் வந்தோம் என்று கட்டாயம் சொல்லுங்கள். புலி நுளம்பு இப்போது பாரிசிலும் இருக்கிறது. நீங்கள் சொல்லும் அந்த ஒரு வசனம் பக்கத்து வீட்டுக்காரனையும் காப்பாற்றும்.

அடுத்தமுறை லாச்சப்பலுக்கு வரும்போது அந்த 200ஆம் இலக்கத்தை ஒருக்கால் நிமிர்ந்து பாருங்கள். கூடவரும் பிள்ளைக்கு வீடாலின் கதையைச் சொல்லுங்கள். இந்தப் பிள்ளைகளில் யாராவது நாளைக்கு அந்த மெசினுக்கு முன்னால் நின்று, எங்கேயோ ஒரு தூர தேசத்து அம்மம்மாவின் காய்ச்சலுக்குப் பெயர் சொல்லட்டும்.

புது வருடம் எல்லோருக்கும் சுகத்தோடு பிறக்கட்டும்.